வாடகை வீட்டில் பாகுபாடு: போலீசா, ஆணையமா, வாடகை நீதிமன்றமா?

"உங்களுக்கு வீடு தர மாட்டோம்" என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. போனில் பேசும்போது வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் வரும் நேரம் எல்லாம் ஒத்துப்போகும். வீடு பார்க்கப் போனதும் "சொந்த ஊர் எது?" என்று ஆரம்பிக்கும். ஊரைச் சொன்னால் "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னால் "அப்பா என்ன பண்றாரு? குலசாமி எது?" மறுநாள் புரோக்கர் போன் செய்து, "ஓனரோட தம்பி குடும்பம் வர்றாங்களாம் சார்" என்பார். டு-லெட் போர்டு மட்டும் அதே கேட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்படி மறுக்கப்பட்டவர்களும், குடிபோன பிறகு சாதியோ மதமோ தெரியவந்து நெருக்கப்படுபவர்களும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். போலீசுக்குப் போவதா, ஆணையத்துக்கு எழுதுவதா, கோர்ட்டுக்குப் போவதா, இல்லை வேறு வீடு பார்த்துக்கொண்டு போவதா? தமிழ்நாட்டு நிலவரத்தை மட்டும் வைத்து இந்த நான்கையும் எடைபோடுகிறேன்.

முதலில் ஒரு கசப்பான விஷயம். வீட்டு வாடகையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. சாதி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 15(1)ஆம் பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் வீட்டுக்காரரை அல்ல. 15(2) தனியாருக்கும் பொருந்தும் என்றாலும் அது கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது. அதில் வாடகை வீடு இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று விதி வைத்திருந்த ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், அந்த விதி செல்லும் என்று 2005ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆக, இருப்பவை துண்டு துண்டான சட்டங்கள். யார் மறுக்கப்பட்டார், ஏன் மறுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து ஏதோ ஒன்று கைகொடுக்கும், அல்லது எதுவுமே கைகொடுக்காது.

## எதை வைத்து முடிவெடுப்பது?

முதல் கேள்வி, சாவி உங்கள் கைக்கு வந்துவிட்டதா இல்லையா என்பது. என் பார்வையில் பாதி முடிவு இதிலேயே தெரிந்துவிடும். வருமுன் சட்டம் மெலிந்தது, வந்த பின் கொஞ்சம் சதைப்பிடிப்பு உண்டு.

இரண்டாவது, மறுப்புக்குக் காரணம் பட்டியல் சாதியா, மதமா, திருநர் என்பதா, எச்.ஐ.வி.யா, அசைவமா, தனியாக வாழும் பெண் என்பதா? ஒவ்வொன்றுக்கும் சட்டத்தின் பதில் வேறு.

மூன்றாவது, உங்களுக்கு வேண்டியது என்ன? அந்த வீடேதானா, தொந்தரவு நின்றால் போதுமா, கொடுத்த பணம் திரும்பினால் போதுமா, செய்தவருக்குத் தண்டனையா? கீழே சொல்லும் வழிகளில் ஒன்றுகூட இந்த நான்கையும் தராது.

கடைசியாக, ஆதாரமும் தெம்பும். தெம்பு என்றால் பணம் மட்டுமல்ல. அதே தெருவில் முகம் கொடுத்து வாழ்வதும் சேர்ந்ததுதான்.

## வழி 1: காவல் நிலையம்

பட்டியல் சாதியினருக்கு இதுதான் சட்டபூர்வமாக வலுவான வழி. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் "பி.சி.ஆர். கேஸ்" என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் இரண்டு தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. புகாரில் இரண்டையும் குறிப்பிடுவது நல்லது.

ஒன்று, பி.சி.ஆர். என்று சுருக்கிச் சொல்லும் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். இதன் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டுவதற்கோ, பெறுவதற்கோ, அதில் வசிப்பதற்கோ தீண்டாமையின் பேரில் தடை போடுவதைக் குற்றமாக்குகிறது. 7ஆம் பிரிவு, "புறக்கணிப்பு" என்றால் என்ன என்று விளக்கும்போது வீட்டை வாடகைக்குத் தர மறுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. இதைவிட முக்கியமானது 12ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பாடு. வீட்டு வாடகை விவகாரத்தில் இதைவிடப் பெரிய உதவி வேறு கிடையாது, ஏனென்றால் மனசுக்குள் இருந்த காரணத்தை நாம் எப்படி நிரூபிப்பது? ஆனால் தண்டனை சின்னது: ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் அபராதம்.

மற்றது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். வெறும் மறுப்பைத் தாண்டி, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, இழிவுபடுத்துவது, மிரட்டுவது, குடியிருக்கும் வீட்டை விட்டு ஓடவைப்பது என்று போயிருந்தால் இது வரும். 2015 திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாகச் சேர்த்தது. ஒரே ஒரு வீட்டுக்காரர் வாடகைக்குத் தர மறுத்ததும் அதற்குள் வரும் என்று வாதிட இடமுண்டு. வாதிட இடமுண்டு என்றுதான் சொல்கிறேன், கட்டாயம் நிற்கும் என்று சொல்ல மாட்டேன். இந்தச் சட்டத்தில் தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. முன்ஜாமீன் கிடையாது, எஃப்.ஐ.ஆர். போடும் முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை, புலனாய்வை டி.எஸ்.பி. நிலையில் உள்ளவர்தான் நடத்த வேண்டும். விதிகளின்படி பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணத் தொகையும் உண்டு.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சாதி சொல்லி இழிவுபடுத்திய குற்றம் நிற்க, அது பிறர் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது நடந்தால் இந்தக் குற்றம் ஆகாது என்று 2020ல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹாலில் உட்கார வைத்து மெதுவாகச் சொல்லப்பட்ட வார்த்தையும், தனியாகப் போனில் சொன்னதும் இங்கேதான் நழுவிப்போகும். அதனால் புகார் எழுதும்போது "சாதி பார்த்து மறுத்தார்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "மாலை ஆறரை மணிக்கு, மாடிப்படிக்குக் கீழே, கீழ்வீட்டில் குடியிருப்பவரும் புரோக்கரும் நிற்கையில், இந்த வார்த்தையைச் சொன்னார்" என்று, சொன்ன சொல்லை அப்படியே, கூசாமல் எழுதுங்கள். நாகரிகம் கருதிப் பூசி மெழுகினால் வழக்குதான் மெலியும்.

நிலையத்தில் பெரும்பாலும் முதலில் நடப்பது சமரசப் பேச்சு. "வாடகை விஷயம்தானே, பேசித் தீர்த்துக்கங்க" என்பார்கள். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாநகரமென்றால் உயரதிகாரிக்கு, பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றத்தை நாடலாம். வன்கொடுமை குறித்த தேசிய உதவி எண் 14566. காவல்துறையில் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு என்று தனியாகவும் ஒன்று இருக்கிறது.

மறைமுகச் செலவுகள்: எதிர்ப்புகார் வரும், "அட்வான்ஸ் தகராறுக்காகப் பொய்க் கேஸ் போடுறாங்க" என்று. சாட்சி சொல்வதாகச் சொன்ன கீழ்வீட்டுக்காரரும் அதே ஓனரின் வாடகைதாரர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். பிறகு, வழக்கு ஜெயித்தாலும் அந்த வீடு கிடைக்காது. குற்றவியல் நீதிமன்றம் தண்டிக்கும், சாவி வாங்கித் தராது.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித்துகள் 1950 ஜனாதிபதி ஆணையின்படி பட்டியல் சாதியாகக் கருதப்படுவதில்லை. இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே. ஆகவே மறுப்பு பழைய சாதியை வைத்தே நடந்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இவர்களுக்குக் கிடைக்காது. தெருவில் சாதி மாறாது, சட்டத்தில் மட்டும் மாறிவிடும்.

எப்போது இது சரி: பட்டியல் சாதி அல்லது பழங்குடிச் சான்றிதழ் இருக்கிறது, அவமானமோ மிரட்டலோ நடந்திருக்கிறது, ஓனரைச் சாராத ஒரு சாட்சியாவது இருக்கிறார், அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை.

## வழி 2: ஆணையங்கள்

பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையமும், 2021ல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையமும் இருக்கின்றன. மதம் சார்ந்த மறுப்புக்கு மாநில சிறுபான்மையினர் ஆணையம் உண்டு. மனு எழுத வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை.

தேசிய ஆணையத்துக்குச் சம்மன் அனுப்பவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. ஆனால் தடையாணை போட அதிகாரம் கிடையாது என்று 1996லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. முடிவில் வருவது பரிந்துரைதான். பிறகு எதற்கு அங்கே போவது? போலீசை நகர்த்துவதற்கு. எஃப்.ஐ.ஆர். போடாமல் இழுத்தடிக்கும் நிலையத்துக்கு ஆணையத்திலிருந்து "என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்" என்று கடிதம் போனால் கோப்பு மேசைக்கு வரும். முதல் வழிக்கு முட்டுக்கொடுக்கிற வழி என்றுதான் இதை நான் பார்க்கிறேன்.

முஸ்லிம், கிறிஸ்தவ வாசகர்களுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மதத்துக்காக வீடு மறுக்கப்பட்டால், சாவிக்கு முந்தைய கட்டத்தில், தனியார் வீட்டுக்காரர் மீது போட நேரடிச் சட்டம் இல்லை. சிறுபான்மையினர் ஆணையத்துக்கு எழுதுங்கள், பதிவாகட்டும். ஆனால் இதற்காக வக்கீலுக்குக் கொட்டிச் செலவழிக்காதீர்கள். மறுத்தது வீட்டுவசதி வாரியம் போன்ற அரசு அமைப்பு என்றால் கதை வேறு. அங்கே 15(1) பொருந்தும், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

## வழி 3: வாடகைச் சட்டமும் சிவில் நீதிமன்றமும்

2017ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தோடு போனது. புதிய சட்டத்தில் பாகுபாடு பற்றி ஒரு வரியும் இல்லை. யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது உரிமையாளர் இஷ்டம். அப்புறம் ஏன் இதைப் பேசுகிறோம்? உள்ளே போன பிறகு இதுதான் கவசம் என்பதால்.

நடைமுறையில் பாகுபாடு எப்படி வெளிப்படுகிறது என்று பாருங்கள். மீன் குழம்பு வாசனை மாடிக்குப் போகிறது, அல்லது ஊரிலிருந்து வந்த உறவினர் பேச்சுவாக்கில் ஏதோ சொல்லிவிடுகிறார், அல்லது தொழுகைக்குப் போவதை யாரோ பார்க்கிறார்கள். மறுநாளிலிருந்து மோட்டார் "ரிப்பேர்". மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. படிக்கட்டு விளக்கு எரியாது. "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க" என்று வாய்மொழி உத்தரவு.

இந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் வரை காத்திருக்காமல் வசதியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர். ஒப்பந்தக் காலம் முடியும் முன் வெளியேற்ற வேண்டுமானால் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றம் போய், சட்டத்தில் சொல்லியிருக்கும் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். அந்தக் காரணங்களில் உங்கள் சாதியும் இல்லை, மதமும் இல்லை, மீன் குழம்பும் இல்லை.

இந்த வழியின் அழகே இதுதான்: பாகுபாட்டை நீங்கள் நிரூபிக்கவே வேண்டாம். தண்ணீர் வரவில்லை என்று காட்டினால் போதும். முஸ்லிம் குடும்பமோ, தனியாக வாழும் பெண்ணோ, கல்யாணம் ஆகாத ஜோடியோ, யாராக இருந்தாலும் ஒரே சட்டம்.

பூட்டை மாற்றி, சாமானை வெளியே வைத்துவிட்டார் என்றால் சிவில் நீதிமன்றம் இருக்கிறது. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது தனிப்பட்ட நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. வெளியேற்றுவார் என்ற பயம் இருக்கும்போதே தடையாணையும் கேட்கலாம்.

ஓட்டை எங்கே? ஒப்பந்தத்தில். 2017 சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் சொல்கிறது. பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். ஆனால் நம் ஊரில் பாதி வீடுகள் வாய்ப்பேச்சில் ஓடுகின்றன, மீதியில் பெரும்பாலானவை முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய 11 மாத ஒப்பந்தங்கள். பதியாத ஒப்பந்தத்தோடு வாடகை அதிகாரியிடம் போனால் முதல் கேள்வியே சிக்கலாகிவிடும். ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதையே காரணமாக்கி வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி மனுப் போடவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் பாகுபாட்டுக்குப் பயப்படும் எவருக்கும் நான் முதலில் சொல்வது: குடிபோன சூட்டோடு ஒப்பந்தத்தை ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். ஓனர் அந்த நேரத்தில் சிரித்த முகமாகத்தான் இருப்பார்.

11 மாதம் முடிந்து புதுப்பிக்க மறுத்தால் இந்தக் கவசம் கழன்றுவிடும். அதையும் கணக்கில் வையுங்கள்.

எப்போது இது சரி: உள்ளே இருக்கிறீர்கள், ஒப்பந்தமும் வாடகை கட்டிய வங்கிப் பதிவும் இருக்கின்றன, வேறு வீடு கிடைக்கும் வரையோ பிள்ளையின் பள்ளி ஆண்டு முடியும் வரையோ அங்கேயே இருந்தாக வேண்டும்.

## திருநர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள்

இவர்களுக்கும் சட்டம் வாடகையைப் பெயர் சொல்லியே பேசுகிறது. 2019ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வீட்டை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ உள்ள உரிமையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் மறுத்தால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. குடியிருக்கும் இடத்தை விட்டு வெளியேறக் கட்டாயப்படுத்தினால் 18ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. இங்கேயும் சாவி வந்த பிறகுதான் பல் முளைக்கிறது.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்க வழிசெய்கிறது. புகார் கொடுப்பதாலேயே விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். அடையாளத்தை மறைத்து நடவடிக்கை நடத்தவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

## வழி 4: வேறு வீடு பார்ப்பது

இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கைக்குழந்தையோடு, வேலை மாறி வந்து, மாதக் கடைசிக்குள் வீடு வேண்டும் என்று நிற்பவருக்கு வேறு எது சாத்தியம்?

ஆனால் இது இலவசம் அல்ல. மறுக்காத வீடு பெரும்பாலும் வாடகை கூடின வீடு, அல்லது வேலையிடத்துக்குத் தொலைவான வீடு. மறுபடி ஒரு மாத வாடகை புரோக்கருக்கு, மறுபடி வண்டிக்கூலி. வாடகைச் சட்டம் அட்வான்ஸை மூன்று மாத வாடகை என்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதற்கும் விலக்கு உண்டு. அவசரத்தில் நிற்பவர் எதற்கும் ஒப்புக்கொள்வார் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். கொடுத்த டோக்கன் அட்வான்ஸை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மறுத்தது அவர்கள், பணம் உங்களுடையது. யு.பி.ஐ. பதிவைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, எழுத்தில் திரும்பக் கேளுங்கள்.

அசைவம், பேச்சிலர், தனியாக வாழும் பெண், சேர்ந்து வாழும் ஜோடி என்ற காரணங்களுக்காகக் குடிபோகும் முன்பே மறுக்கப்பட்டவர்களுக்கு இன்றைக்கு இருப்பது இந்த ஒரு வழிதான். "வெஜிடேரியன் ஒன்லி" என்ற போர்டு பல தெருக்களில் சாதிக்கும் மதத்துக்கும் போட்ட திரை என்பது எல்லோருக்கும் தெரியும். கோர்ட்டில் அதைக் கிழிக்க முடிகிற ஒரே இடம், மேலே சொன்ன 12ஆம் பிரிவின் அனுமானம். அதுவும் பட்டியல் சாதியினருக்கு மட்டும்.

## ஒரே பார்வையில்

| | காவல் நிலையம் | ஆணையம் | வாடகை அதிகாரி, சிவில் நீதிமன்றம் | வேறு வீடு |
|---|---|---|---|---|
| யாருக்கு | பட்டியல் சாதி, பழங்குடி. வெளியேற்றப்பட்ட திருநர் | பட்டியல் சாதி, பழங்குடி, சிறுபான்மையினர் | ஒப்பந்தம் உள்ள எவருக்கும் | எல்லோருக்கும் |
| சாவிக்கு முன் | உதவும் | ஓரளவு | உதவாது | ஒரே வழி, பலருக்கு |
| சாவிக்குப் பின் | உதவும் | ஓரளவு | நன்றாக உதவும் | கடைசி வழி |
| கிடைப்பது | தண்டனை, நிவாரணம் | பரிந்துரை, அழுத்தம் | தண்ணீர், மின்சாரம், குடியிருப்பு | நிம்மதி |
| நிரூபிக்க வேண்டியது | சாதிக் காரணம் (1955 சட்டத்தில் அனுமானம் உண்டு) | புகாருக்கு முகாந்திரம் | வசதி நிறுத்தம், வெளியேற்றம் | எதுவுமில்லை |
| மறைமுகச் செலவு | எதிர்ப்புகார், பின்வாங்கும் சாட்சி | காத்திருப்பு | வக்கீல் செலவு, ஓனரோடு ஒரே கூரை | கூடுதல் வாடகை, புரோக்கர் |

இரண்டு வழிகளைச் சேர்த்தும் போகலாம். உள்ளே குடியிருக்கும் பட்டியல் சாதிக் குடும்பத்துக்குத் தண்ணீரையும் நிறுத்தி, சாதியும் சொல்லித் திட்டினால், தண்ணீருக்கு வாடகை அதிகாரி, திட்டுக்குக் காவல் நிலையம். இரண்டையும் ஒரே நாளில் கொடுப்பது நல்லது. முந்திக்கொண்டு ஓனர் "வாடகை பாக்கி" என்று போனால் உங்கள் புகார் பழிவாங்கலாகப் பார்க்கப்படும்.

## எந்த வழியானாலும் கையில் இருக்க வேண்டியவை

டு-லெட் போர்டைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள், மறுத்த பிறகும் ஒரு முறை. புரோக்கரோடு பேசுவதை முடிந்தவரை வாட்ஸ்அப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மறுத்த மறுநாள், வேறு பெயருள்ள நண்பர் ஒருவரை அதே எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். "இருக்கு சார், வந்து பாருங்க" என்று பதில் வந்தால், தம்பி குடும்பம் வருகிற கதை அங்கேயே உடைந்துவிடும், நண்பரும் சாட்சியாகிவிடுவார். போன் பதிவுகளைக் கோர்ட்டில் கொடுக்க 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று வேண்டும். அதனால் பதிவு செய்த போனை விற்கவோ அழிக்கவோ செய்யாதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். எண் 15100.

காலக்கெடுவும் உண்டு. 1955 சட்டத்தின் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம் என்பதால், ஓராண்டுக்குள் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் கொடுத்திருக்க வேண்டும். போலீசில் இழுத்தடித்தே அந்த ஓராண்டு ஓடிவிடும், கவனம். வன்கொடுமைச் சட்டக் குற்றங்களில் ஐந்தாண்டு வரை தண்டனை உள்ளவற்றுக்கு அந்தக் கெடு இல்லை. வெளியேற்றப்பட்டவர் இடத்தைத் திரும்பக் கேட்க ஆறு மாதம், அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் 6ஆம் பிரிவு கிடையாது.